மச்சம் நீக்கப்படாது

என் ஸ்டூடியோவில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று பழையது, ஆறு மெகாபிக்சல். இன்னொன்று புதியது, இருபத்துநான்கு மெகாபிக்சல். இரண்டுமே வாங்கிய காலத்தில் கடைக்காரர் எடுத்துக் காட்டியவற்றில் ஆகக் கீழ் ரகம். மேல் ரகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வெயிட்டா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது என் வழக்கம்.

இப்போது காலேஜ் பிள்ளைகள் சிலர் பழையதைக் கேட்டு வருகிறார்கள். பழைய சிசிடி சென்சாரில் விழும் கலர் தனி அழகாம். புதுக் கேமராக்களில் அது வராதாம். போன் வீடியோவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கலரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது. விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்பேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும். அவர்களுக்கு பஸ் போய்விடும்.

சென்சார் என்பது ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் சிறு தகடு. தபால்தலை அளவுதான் இருக்கும். பழைய கேமராவில் இருப்பது சிசிடி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த வெளிச்சத்தைப் பக்கத்துப் புள்ளியிடம் கைமாற்றும், கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் போல. வரிசையின் கடைசியில் நிற்பவர்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். புதியதில் இருப்பது சிமாஸ். அதில் ஒவ்வொரு புள்ளியும் தன் பங்கைத் தானே எண்ணிச் சொல்லிவிடும். வேகமும் அதிகம், பேட்டரியும் மிச்சம்.

இருட்டில் பழையதற்கு மாலைக்கண். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை எண்ணூறுக்கு மேல் ஏற்றினால் மாப்பிள்ளையின் கோட்டில் ரவையைக் கொட்டிவிட்டது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். புதியதில் அந்தக் கவலை இல்லை. கரண்ட் போன மண்டபத்தில், சொந்தக்காரர்கள் செல்போன் டார்ச் அடிக்க, தாலி கட்டியதைக்கூட எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வெயிலில் மட்டும் பழையதை அடித்துக்கொள்ள முடியாது. நார்த்தாமலைப் பாறையில் காலை பத்து மணி வெயிலில் ஒரு மாம்பழக் கலர் புடவையை அதில் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்த் தோலையும் அது உள்ளது உள்ளபடி கருப்பாகக் காட்டும். புதியது கொஞ்சம் பாலை ஊற்றித்தான் காட்டுகிறது. வாடிக்கையாளர்களுக்குப் பாலூற்றியதுதான் பிடித்திருக்கிறது என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

இதெல்லாம் யாரும் சொல்லும் வித்தியாசம். இன்னொரு வித்தியாசம் உண்டு. புதுக் கேமராவை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் உள்ளே சென்சார் தானாக ஒரு உதறு உதறிக்கொள்ளும், நனைந்த நாய் உதறுவதைப் போல. தூசி இருந்தால் விழுந்துவிடும். என் பழைய கேமராவுக்கு உதறத் தெரியாது. உள்ளே போன தூசி போன இடத்திலேயே கிடக்கும். நான் சொல்ல வந்தது இந்தத் தூசியைப் பற்றித்தான்.

பழையதை வாங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை விண்ணப்பத்துக்கும் பள்ளி ரெக்கார்டுக்கும் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். மொத்தம் அறுபத்துநான்கு பேர். சயின்ஸ் லேபில் இரண்டு ஆணியில் நீலத் துணியைக் கட்டி, ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு பக்கமும் குடை ஃபிளாஷை வைத்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூட வேலையில் என் முறை அதுதான். கேமரா அசையாது, ஸ்டூல் அசையாது, பிள்ளைகள் மட்டும் வந்து உட்கார்ந்து எழுந்து போக வேண்டும். காலை முதல் பீரியடில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் கையைக் குலுக்கினார்.

என் ஸ்டூடியோ வாசலில் அப்போது ஒரு போர்டு வைத்திருந்தேன். "பரு நீக்கப்படும். மச்சம் நீக்கப்படாது." நானே எழுதி, பெயின்டரிடம் கொடுத்து வரையவைத்தது. பரு இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். மச்சம் ஆளோடு பிறந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்பது அழகுக்காக எடுப்பது அல்ல, ஆளைக் காட்டுவதற்காக எடுப்பது. கல்யாணப் பெண்களின் அம்மாக்கள் எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், நான் ஒரு மச்சத்தைத் தொட்டதில்லை. இந்த வட்டாரத்தில் இப்படிப் போர்டு வைத்த ஸ்டூடியோ என்னுடையது ஒன்றுதான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது நீலத் துணியில் ஒரு கறை தெரிந்தது. நிறையப் பிள்ளைகளின் காதுக்குப் பக்கத்தில், படத்தின் இடது பக்கமாக, சிறியதாக, மங்கலாக. ஒவ்வொன்றிலும் அதை அழித்தேன். சில பிள்ளைகளுக்கு அது முடிக்குள் விழுந்து மறைந்துவிட்டதால் வேலை மிச்சம். துணியை என் மனைவியிடம் கொடுத்துத் துவைக்கச் சொன்னேன். ஸ்டூடியோவில் பிரின்ட் போடுவதும் வெட்டுவதும் லேமினேஷன் செய்வதும் அவள்தான். துவைத்துக் காயவைத்துக் கட்டினோம். அடுத்த வாடிக்கையாளருக்குப் பின்னாலும் அதே கறை. மறுபடி துவைத்தாள். மறுபடி அதே கறை. மூன்றாவது முறை வெளுப்பு சோப்புப் போட்டுத் துவைத்ததில் துணியின் நீலம்தான் பாதி போனது. துணியை வெயிலில் பிடித்துப் பார்த்து, இதில் கறையே இல்லை என்றாள். கேமராவுக்குத் தெரிவது உனக்குத் தெரியவில்லையா என்று சத்தம் போட்டேன்.

தூசியைப் பற்றித் தெரியாதவனா நான் என்றால், தெரியும். லென்ஸைத் தினமும் துடைப்பேன். ஆனால் நான் ஃபிலிமில் தொழில் பழகியவன். ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துண்டு வந்து நிற்கும். தூசி விழுந்தாலும் ஒரு படத்தோடு நகர்ந்து போய்விடும். சென்சார் நகராது, ஒரே தகடுதான் எல்லாப் படத்துக்கும் என்பது புத்திக்குத் தெரிந்தாலும் கைக்குப் பழகவில்லை. அதுவுமில்லாமல் அந்தத் தூசி கல்யாணங்களில் தென்படவே இல்லை. அங்கே லென்ஸ் துவாரத்தை அகலமாகத் திறந்து எடுப்பேன். அகலமாகத் திறந்தால் தூசியின் நிழல் கரைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஃபிளாஷ் பலமாக இருந்ததால் துவாரத்தை ஊசி முனையாகச் சுருக்கியிருந்தேன். சுருக்கச் சுருக்கத் தூசி கருப்பாகும். கடைசியில் துணியை மாற்றியதும் புதுக் கேமரா வாங்கியதும் ஒரே மாதத்தில் நடந்தன. கறை நின்றுபோனது. புதுத் துணி நல்ல துணி என்று நினைத்துக்கொண்டேன்.

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. போன வருடம் வெயில் காலத்தில் ஒரு நாள், ஸ்டூடியோ திறந்து கொஞ்ச நேரத்தில், ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது பிறகு தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினாள். என் ஸ்டூடியோ சீல் இருந்தது.

"அண்ணே, இது நீங்க எடுத்ததுதானே?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு மச்சம் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

போட்டோவைப் பார்த்தேன். இரட்டைச் சடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், தலையைக் கொஞ்சம் சாய்த்த மாதிரி ஒரு பெண் பிள்ளை. வலது கன்னத்தில் தெளிவாக ஒரு மச்சம். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வலது கன்னத்தில் ஒன்றும் இல்லை.

அவள் பத்தாம் வகுப்பு டிசியின் நகலை எடுத்து வைத்தாள். அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று எழுதியிருந்தது. பரீட்சை லீவு விட்ட பிறகு வகுப்பு ஆசிரியர் ரெக்கார்டை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பிள்ளைகள் எதிரில் இல்லை, போட்டோக்கள் இருந்தன. போட்டோவைப் பார்த்து எழுதிவிட்டார். டிசி வாங்கும்போது இவள், எனக்கு அந்த இடத்தில் மச்சம் இல்லை சார் என்று சொல்லியிருக்கிறாள். அவர் ரெக்கார்டைத் திறந்து போட்டோவைக் காட்டி, இதோ இருக்கிறது பார் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளை ரெக்கார்டோடு சண்டை போட முடியாது.

நர்சிங் காலேஜில் சேரும்போது முதல் தடவையாக ஒருவர் டிசியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். அன்றைக்கு வெளியே வந்ததும் கூட வந்த தோழி தன் கண் மையைத் தொட்டு இவள் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டாள். உள்ளே வேறொரு மேஜைக்குப் போனாள், சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து எந்தப் பரீட்சைக்குப் போனாலும், எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டுதான் போவாள். ஒரே இடம், ஒரே அளவு. கை பழகிவிட்டது என்றாள்.

இத்தனை வருட முயற்சிக்குப் பிறகு இப்போது அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். சென்னையில் சர்டிபிகேட் சரிபார்ப்பு. வரிசையில் மூன்று மணி நேரம், மின்விசிறிக்கு எட்டாத இடம். வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே நின்றிருக்கிறாள். மேஜைக்குப் போனபோது மச்சம் பாதி கைக்குட்டையில் இருந்தது. அங்கே இருந்த அதிகாரி பார்த்தார். ஆள்மாறாட்டம் என்று அவர் சொல்லவில்லை. அங்க அடையாளம் ஒத்துப்போகவில்லை, பத்து நாளில் ஆதாரத்தோடு விளக்கம் தரவும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் மூன்று நாள் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டால், எழுதிய ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், ரெக்கார்டை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் போட்டோ எடுத்தவரைப் போய்க் கேள் என்றார்களாம். மச்சத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டதாகத் தோல் டாக்டர் ஒருவரிடம் சர்டிபிகேட் வாங்கிவிடு என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள்.

"இல்லாத மச்சத்த எடுத்துட்டேன்னு எப்புடிண்ணே சொல்றது? திரும்ப ஒரு மை வைக்கிற மாதிரிதானே அது" என்றாள்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. இவள் என் போர்டையே கேள்வி கேட்க வந்தவளாகத் தோன்றினாள். வயதாக ஆக மச்சம் மங்கிவிடும், ஏதாவது கிரீம் போட்டிருப்பாய் என்று அடுக்கினேன்.

"கேமரா பொய் சொல்லாதும்மா" என்றேன். அதைச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பிரின்டர் பக்கம் நின்றிருந்தாள். அலமாரியைத் திறந்து பழைய சிடிக்களைத் தேட ஆரம்பித்தாள். அந்தப் பள்ளியின் பெயரும் வருடமும் எழுதிய சிடி கிடைத்தது. நல்லவேளையாகக் கம்ப்யூட்டர் அதைப் படித்தது. உள்ளே இரண்டு ஃபோல்டர்கள். ஒன்று கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கும் அசல் படங்கள். இன்னொன்று நான் சரிசெய்து பிரின்டுக்குக் கொடுத்தவை.

அசல் ஃபோல்டரைத் திறந்து அறுபத்துநான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நான்கு பேருக்கு வலது கன்னத்தில் மச்சம் இருந்தது. நான்கு பேருமே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தவர்கள். மற்றவர்களில் நிறையப் பேரின் காதோரத்தில் அந்தப் பழைய துணிக் கறை இருந்தது. நான்கு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே இருப்பதைக் கண்ணாடி போல் மெலிதாக்கினேன். நான்கு முகங்கள் குழம்பின, எட்டுக் கண்கள், நான்கு மூக்கு. மச்சம் மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் துணிக் கறை உள்ள ஒரு படத்தை வைத்தேன். கறை போய் மச்சத்தின்மேல் அச்சாக உட்கார்ந்தது.

"அப்ப நான் மூணு தடவ தொவச்சது?" என்றாள் என் மனைவி.

நான் எழுந்து போய் பீரோவைத் திறந்தேன்.

பழைய கேமரா பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றிக் கிடந்தது. பேட்டரி செத்திருந்தது. சார்ஜில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அந்தப் பெண் ஸ்டூடியோ பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தோம், ஆறவிட்டுக் குடித்தாள். பேட்டரியைப் போட்டு, லென்ஸைக் கழற்றி, உள்ளே பார்க்கலாம் என்று குனிந்தபோது என் கை தானாக ரப்பர் ஊதியை எடுத்துவிட்டது. லென்ஸைக் கழற்றினால் ஊதுவது இப்போது ஊறிப்போன பழக்கம். என் மனைவி பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊதிப்புடாதீங்க. அதுதான் இந்தப் புள்ளைக்கு இருக்கிற ஒரே சாட்சி."

ஊதியைக் கீழே வைத்தேன். லென்ஸை மாட்டி, ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, துவாரத்தை ஊசி முனையாகச் சுருக்கி எடுத்தேன். தாளில் ஒன்றும் இல்லை. படத்தில் இடது பக்கம் ஒரு புள்ளி இருந்தது. இத்தனை வருடம் பீரோவில் படுத்துக் கிடந்தும் அது நகரவில்லை. எங்கே உள்ளே போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பள்ளிக்கூட வேலைக்குக் கொஞ்ச நாள் முன்னால் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். ஊர்வலம் வரும்போது கடற்காற்றில் நின்று லென்ஸ் மாற்றினேன். அதுவாக இருக்கலாம். நார்த்தாமலைப் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர் தூசியாகவும் இருக்கலாம். தூசி ஊர் சொல்வதில்லை.

பிறகு அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரியே தலையைச் சாய்க்கச் சொல்லி, முதலில் பழைய கேமராவில் எடுத்துத் திரையைக் காட்டினேன். துடைத்து வைத்த மாதிரி இருந்த அவள் கன்னத்தில் மச்சம் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். மை வைத்து வைத்துப் பழகிய அதே இடம். "இம்புட்டு வருசமா உள்ளயே இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து புதிய கேமரா. அதே ஸ்டூல், அதே வெளிச்சம், அதே துவாரம். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். வலது கன்னம் சுத்தமாக இருந்தது. இருபத்துநான்கு மெகாபிக்சல் ஆயிற்றே, வியர்வைத் துளி, பூனை முடி, எல்லாம் எண்ணலாம். சும்மா மற்ற பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். இடது தாடையின் ஓரத்தில், காது மடலுக்குக் கொஞ்சம் கீழே, கடுகளவு ஒரு மச்சம் இருந்தது. மறுபடி தூசியோ என்று பதறி அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. கேட்டதற்கு, அது பிறந்ததிலிருந்து இருப்பது, அம்மா அடையாளம் சொல்வதே அதை வைத்துத்தான் என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டாவது ஃபோல்டர் ஞாபகம் வந்தது.

அவளுடைய அசல் படத்தைத் திறந்தேன். ஆறு மெகாபிக்சல் போதும், இடது தாடையில் அந்தக் கடுகு தெரிந்தது. பிறகு நான் சரிசெய்து பிரின்டுக்குக் கொடுத்த படத்தைத் திறந்தேன். இடது தாடை வழவழவென்று இருந்தது. துணிக் கறைகளை வரிசையாக அழித்துக்கொண்டே வந்த கை, இதையும் அழுக்கு என்று நினைத்து அழித்திருக்கிறது. இருந்த மச்சத்தை எடுத்துவிட்டு, இல்லாத மச்சத்தைப் போர்டில் எழுதிய கொள்கைப்படி பத்திரமாக விட்டுவைத்திருக்கிறேன்.

மானிட்டர் என் பக்கம் திரும்பி இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. என் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள், அவளுக்குத் தெரிந்துவிட்டது. தூசியை மட்டும் சொல்லிக் கடிதம் கொடுத்தால் போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. தூசி யார் குற்றமும் இல்லை. கேமராவின் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவனாக இருந்துவிடலாம். ஆனால் தூசி, அவளுக்கு வலது கன்னத்தில் மச்சம் இல்லை என்பதைத்தான் காட்டும். அந்தப் படத்தில் உள்ள பிள்ளை இவள்தான் என்று காட்ட, பதினைந்து வயதிலும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கும் அந்தக் கடுகுதான் வேண்டும். அதைக் காட்டினால், அது பிரின்டில் ஏன் இல்லை என்று யாரும் கேட்பார்கள். எனக்குப் பயமாகவும் அவமானமாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் மனைவி பிரின்டரில் தாளை வைத்துவிட்டு, எத்தனை பேஜ் என்று கேட்டாள். எல்லாமே என்றேன்.

மானிட்டரை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இத நான் எடுத்துட்டேம்மா. தூசின்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கை தாடைக்குப் போய் அந்த இடத்தைத் தொட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது இருந்திருந்தா சார் இததான் எழுதியிருப்பாரு" என்றாள். "நான் மை வச்சிருக்கவே வேணாம்."

ஆமாம் என்றேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்து, இவ்வளவு சின்னச் சொல்லா என்று திரும்பிவிட்டது.

அன்று மதியம் கடையைச் சாத்தவில்லை, ஆனால் வேறு வேலையும் செய்யவில்லை. ஸ்டூடியோ லெட்டர்பேடில் நானே கையால் எழுதினேன். இந்தப் படம் என்னால் எடுக்கப்பட்டது, வலது கன்னத்தில் தெரிவது கேமராவின் உள்ளே சென்சார்மேல் கிடந்த தூசியின் நிழல், இவருக்கு இடது தாடையில் உள்ள உண்மையான மச்சத்தை நான் கவனக்குறைவால் அழித்துவிட்டேன், இரண்டு தவறும் என்னுடையவை, எங்கே கூப்பிட்டாலும் பழைய கேமராவோடு வந்து நிரூபிக்கத் தயார். இதை எழுத மூன்று தாள் கிழித்தேன். நான்கு முகங்களை அடுக்கிய படம், வெள்ளைத் தாள் படம், அவளை இரண்டு கேமராவிலும் எடுத்தது, பழைய அசல், நான் கெடுத்தது, எல்லாம் பிரின்ட் போட்டோம். மற்ற மூன்று மச்சக்காரர்களில் ஒருவர் எங்கள் தெருவிலேயே செல்போன் கடை வைத்திருக்கிறார். போய் அவர் கன்னத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. டிசியில் மச்சம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஆமாம், யார் பார்க்கிறார்கள் என்றார். அவருடைய டிசி நகலையும் ஒரு போட்டோவையும் சேர்த்தோம். நோட்டரி வக்கீல் படித்துவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார், பிறகு முத்திரை குத்தினார்.

சென்னையில் என்னைக் கூப்பிடவில்லை. அந்த அதிகாரி எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, அவளைத் தலையைத் திருப்பச் சொல்லி, தாடையைப் பார்த்து, கோப்பில் சேர்த்துக்கொண்டாராம். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். வாசலில் இருந்த போர்டை அதற்குள் கழற்றிவிட்டேன். பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது, பின்பக்கத்தை அலமாரித் தட்டாக வைத்துக்கொண்டோம்.

பழைய கேமராவை விற்காததற்குக் காரணம் இதுதான். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் இன்னும் வரவில்லை. ஒருவர் வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி, இன்னொருவரைப் பற்றித் தெரியவில்லை. எந்த மேஜை முன்னால் எந்த வருடம் நிற்பார்களோ. அதுவரை அந்தத் தூசி அங்கேயே இருக்க வேண்டும். ஊதியை வேறு அறையில் வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் மழை ஆரம்பித்த பிறகு வந்தாள். ஆர்டர் வந்துவிட்டது. ஐடி கார்டுக்குப் போட்டோ வேண்டும். இதை அவள் புதுக்கோட்டையில் எந்த ஸ்டூடியோவிலும் எடுத்திருக்கலாம். ஏன் இங்கே வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்காரும் முன் கைக்குட்டையை எடுத்து வலது கன்னத்தைத் துடைத்தாள், பிறகு கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. பழக்கம் என்று சிரித்தாள். சடையைப் பின்னால் தள்ளிவிட்டு, நான் சொல்லாமலே முகத்தை லேசாகத் திருப்பி இடது தாடை தெரிய உட்கார்ந்தாள்.

புதிய கேமராவில் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டபோது மூக்கோரத்தில் ஒரு பரு சிவந்து தெரிந்தது. அதை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணையும் எடுக்காதீங்கண்ணே" என்றாள். "இருக்கிறது அப்புடியே இருக்கட்டும்."

மவுஸை மேஜையில் விட்டுவிட்டு எழுந்து போய் பிரின்டரை ஆன் செய்தேன்.